அடியில்லாத அகப்பை

தாத்சுஜி அண்ணன் கடலில் மூழ்கிய பிறகு, சுற்றுலாப் படகை அவர் மனைவி கினுயோ அக்கா ஓட்டுகிறார். நான் ஒலிபெருக்கியில் பாறைகளின் பெயர் சொல்கிறேன்.

துறையில் மீன்கடைக்காரர் சிரித்தார். "படகை வித்துடும்மா. புருஷனே வந்து கூப்பிடுவான், பாரு."

"வரட்டும். டிக்கெட் வாங்கிட்டு ஏறச் சொல்லுங்க."

விரிகுடாவைத் தாண்டும்போது ஈரக் கை ஒன்று படகின் விளிம்பைப் பிடித்தது.

"அகப்பை குடு."

கடலில் செத்தவர்கள் கேட்பதுதான். கொடுத்தால் தண்ணீரை மொண்டு ஊற்றிப் படகை மூழ்கடிப்பார்கள். அதனால் எங்கள் ஊர்ப் படகுகளில் அடியில்லாத மர அகப்பை ஒன்று தொங்கும். அக்கா அதை நீட்டினார். வாங்கிய கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது, அண்ணனுக்கு இருந்ததுபோல.

"நீங்களா?" என்றார் அக்கா. "நீங்களா இருந்தாலும் இதுதான். பின்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க."

கை மொண்டுகொண்டே இருந்தது. படகுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. பயணிகள் கடற்புறாக்களுக்கு இறால் சிப்ஸ் வீசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அகப்பை அதன் இடத்தில் தொங்கியது. புதுப் பலகையில் அடி பொருத்தியிருந்தது. அண்ணன் அடிப்பதுபோலவே ஆணிகள் சாய்ந்திருந்தன.

அக்கா சுத்தியலால் ஒரே போடு போட்டார். பலகை தெறித்து விழுந்தது. அகப்பையைத் திரும்ப மாட்டினார்.

"ஆளுங்கள ஏறச் சொல்லு," என்றார் என்னிடம்.