மூன்றாவது புரி

"பானு, உன் பட்டுநூலை முறுக்கிக் காட்டேன்!" மூச்சு வாங்க நூல்கடைக்குள் வந்தாள் பெர்சிஸ்.

"என்னக்கா அவசரம்?" சிரித்தாள் நசீம் பானு.

"கல்யாணக் கார்டுல வசனம் மட்டும்தான் பாக்கி. முப்புரிநூல் லேசுல அறாதுன்னு பைபிள்ல இருக்குதே, அது எனக்கு உசுரு. காலையிலேர்ந்து அதையேதான் படிச்சிக்கினு இருக்கேன். கண்ணால பாத்துடணும்."

"கெரின் சந்தோஷமா இருக்காளா?"

"எங்க! மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறா."

பானு கொடுத்த ஒற்றைப் புரி இழுத்ததும் அறுந்தது. இரண்டை முறுக்கியதும் கொஞ்சம் தாங்கியது. மூன்றாவதை அதன்மேல் சுற்றப் போனாள் பெர்சிஸ்.

"அப்புறமா சுத்துனா நிக்காதுக்கா. மூணையும் மொதல்லயே சேத்து முறுக்கணும்."

பெர்சிஸ் துள்ளி எழுந்தாள். உடனே போனை எடுத்தாள்.

"எட்வின், கெரின் ஆறு மாசம் ஆயா வீட்ல இருக்கட்டும், அப்புறம் கூட்டிக்கலாம்னு பெரியவங்க சொன்னது வேணாம். நீங்க எனக்குத் தாலி கட்டறப்பவே என் பொண்ணு நம்ம பக்கத்துல நிக்கணும்!"

"எனக்கும் அதுதான் ஆசை. 'எங்க அம்மா கல்யாணத்துக்கு வாங்க'ன்னு கெரின்தான் கார்டுல கூப்பிடறா. நேத்தே பிரஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."