ஒரு கரண்டி போதல

யாரு, பக்கத்து வீட்டு இசோகாயா முடிவெடுக்கத் தெரியாதவ? போடி மிஹோ! அவளை மாதிரி சட்டுனு வேலைய முடிச்சவ இந்த ட்சுபாமே ஊர்லயே கிடையாது. சிரிக்காத, பாட்டி சொல்றதை முழுசாக் கேளு.

அவ வேலை பாத்த பாத்திரக் கம்பெனில, தனியா இருக்கிற வயசானவங்களுக்குன்னு ஒத்தை ஆள் ரைஸ் குக்கர் செய்யணும்னு கிளம்பினாங்க. பொறுப்பு இசோகாய் தலையில. கல்யாணம் காட்சி இல்லாம ஒண்டியா இருக்கறவ. தனியா இருக்கறவளுக்குத்தானே தெரியும்னு குடுத்தாங்களோ என்னமோ.

மூடி முடிஞ்சுது, ஒயரிங் முடிஞ்சுது, வெளிக்கூடும் முடிஞ்சுது. உள்ள வைக்கிற பானை மட்டும் முடியல. சின்னது, நடுத்தரம், பெரிசுன்னு மூணையும் கையிலயே வெச்சிருந்தா. எந்தப் பானை வந்தாலும் உள்ள உக்கார்ற மாதிரி கூட்டைச் செஞ்சிருந்தா.

"முடிவாச்சா?"ன்னு யார் கேட்டாலும் "மதா"ம்பா. இன்னும் இல்லன்னு. ஆபீஸ்ல பேரே 'மதா சான்', அதாவது 'இன்னும் இல்ல' அம்மான்னு ஆயிடுச்சு.

மேனேஜர் குமாசாகிக்குப் பொறுக்கல.

"மதா சான், ஒத்தை ஆளு எவ்வளவு திம்பான்? ஒரு கிண்ணம்! சின்னப் பானைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"தெரிஞ்சதையெல்லாம் முடிச்சாச்சு குமாசாகி சான். தெரியாதது இது ஒண்ணுதான். இதுக்கு மட்டும் அவகாசம் குடுங்க."

அவ சொன்னதுல தப்பில்ல. அதே கம்பெனி கெட்டில் கதை ஒண்ணு இருக்கு. முதல் மீட்டிங்லயே எல்லாரும் கைதட்டி முடிவு பண்ணி, பாத்திரம் செய்யற அச்சையும் வெட்டிட்டாங்க. கைப்பிடி பிடிச்சவன் கையெல்லாம் சுட்டுச்சு. அச்சைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி வெட்டி, கடைக்கு வர்றப்போ குளிர்காலமே போயி பனியும் உருகிடுச்சு. எங்க வீட்டுல இன்னும் ஒண்ணு கிடக்கு, செடிக்குத் தண்ணி ஊத்தறேன். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பானை.

சின்னப் பானை வெச்ச குக்கரைச் சில வயசானவங்க கிட்ட பரீட்சைக்குக் குடுத்திருந்தாங்க. இசோகாய் போன் போட்டுக் கேப்பா.

"ஹாருயோ சான், சோறு எப்படி?"

"பளபளன்னு வருதும்மா. ஆனா ஒரு கரண்டி போதல."

"அவ்வளவு பசிக்குதா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்ல. சும்மா சொன்னேன்." சிரிச்சுட்டு போனை வெச்சுடுவா.

எல்லாரும் அதே ஒரு கரண்டி, அதே சிரிப்பு. ஏன்னு ஒருத்தரும் சொல்லல.

இசோகாய் தன் வீட்டுலயும் வெச்சுப் பாத்தா. ஒரு உமேபோஷி ஊறுகாய், கொஞ்சம் மிசோ சூப்பு, எதிர்ல சுவரு. சின்னப் பானை அவளுக்குக் கச்சிதமா இருந்துச்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதான் அவளுக்குப் புரியல.

கடைசில அச்சுப் பட்டறைக்காரர் போன் பண்ணினார்.

"நாளை மத்தியானம் வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல போனா புது அரிசி வர்றப்போ உங்க குக்கர் கடைல இருக்காது."

குமாசாகி மேஜையத் தட்டினார். "காலைல சின்னப் பானைன்னு சொல்றே. இல்லேன்னா இந்த வேலை உன் பக்கத்து மேஜை சுதோ கைக்குப் போயிடும்."

இசோகாய் சின்னப் பானை குக்கரை எடுத்து அவர் கையில வெச்சா.

"சரி. இன்னிக்கு உங்க வீட்டுல நீங்களே வெச்சுச் சாப்பிட்டுட்டு வந்து சொல்லுங்க."

போன பனிக்காலத்துலதான் குமாசாகி பொண்டாட்டி செத்துப்போனா. அன்னையிலிருந்து அவர் வீட்டுல அடுப்பு பத்தல, கடைச் சாப்பாடுதான். இது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும்தான்.

"மனுஷியா இவ?"ன்னு சுதோ பல்லைக் கடிச்சான்.

குமாசாகி முகம் சிவந்துபோச்சு. குக்கரை அக்குள்ல இடுக்கிட்டுப் போயிட்டார்.

மறுநாள் காலைல வந்தவர் பையைக்கூடக் கீழ வைக்கல.

"நடுப்பானை"ன்னார்.

"ஏன்?"

"போதல."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

சுதோ வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்கானா? "சாருக்கு அவ்வளவு பசியா?"

குமாசாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

"எனக்கென்ன பசி. ஆவி பறக்கற முதல் கரண்டிய அவ படத்துக்கு முன்னால வெச்சேன். அது என் கிண்ணத்துல குறைஞ்சுது."

ஒருத்தரும் நிமிந்து பாக்கல. ஒவ்வொருத்தன் வீட்டுலயும் அம்மா தினம் செய்யறது. செத்தவங்களுக்கு வெச்சுட்டுத்தான் நாம சாப்பிடறோம். ஒரு பயலுக்கும் கணக்குல வரல பாரு!

இசோகாய் போனை எடுத்தா.

"இனிமே மதா இல்ல. நடுப்பானை. வெட்டுங்க."

ஒரே வெட்டு. புது அரிசி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே குக்கர் வந்து உக்காந்துடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அவ வீட்டுல நடுப்பானைல சோறு வெச்சா. ஒரு கரண்டி மிச்சம். அம்மா அப்பா படமெல்லாம் அண்ணன் வீட்டுல இருக்கு. யாருக்கு வைப்பா? அந்தக் கரண்டிய அப்படியே பாத்துட்டு உக்காந்திருந்தா.

ஒத்தை ஆள் குக்கர்னு பேர் வெச்சாங்களே, அதுல நிஜமாவே ஒத்தை ஆளுக்குச் சமைச்சது இந்த ஊர்ல அவ ஒருத்திதான்.

போதும், சோறு ஆறுது. தாத்தா படத்துக்கு முன்னால சின்னக் கிண்ணத்துல வெச்சாச்சு. பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தம் கேக்குது, இசோகாயாத்தான் இருக்கும். மிஹோ, பெரிய கிண்ணம் இன்னொண்ணு கொண்டா!