உஸ்

அக்சிலேற்றரை மிதித்தாலே காரிலிருந்து ‘உஸ்’ என்று பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். வலயக் கல்வி அலுவலகக் கூட்டம் முடிந்து பாடசாலைக்குப் போகும் வழியில், அதிபர் நல்லரத்தினம் செங்கலடி கராஜில் வண்டியை நிறுத்தினார். பொனட்டைத் திறந்த மெக்கானிக் கேதீசன் சிரித்தான்.

“எயார் கிளீனர் மூடிர கிளிப் கழண்டிரிக்கி சேர். டேர்போ காத்த இழுக்கக்குள்ள அந்த இடுக்கால சத்தம் வருது.”

“போன கிழமையும் இதத்தானே பூட்டினீங்க?”

“அது தானாக் கழராது சேர். ஆரோ கழட்டுறாங்க.”

யாராக இருக்கும் என்ற யோசனையோடு, சத்தமே இல்லாத காரில் பாடசாலைக்குள் நுழைந்தார். அவர் வரும்போதெல்லாம் வகுப்புகள் அமைதியாக இருக்கும். அதில் அவருக்குத் தனிப் பெருமை. இன்றைக்கோ சந்தை இரைச்சல். ஆசிரியர் அறையில் பிரதி அதிபர் அவரைப்போலவே நடந்து காட்ட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றார்.

“சேர் வந்திரப்போறார்,” என்றார் ஒருவர்.

“பயப்படாதீங்க. கேற்றுக்கு வரக்குள்ளயே உஸ் எண்டு கேக்கும். விடியவே கழட்டி உட்டுட்டுத்தான் பஸ் ஏறினன்.”

அந்தக் குரல் வந்த பக்கம் நல்லரத்தினம் எட்டிப் பார்த்தார். காலையில் ‘உங்களுக்குக் கொலஸ்ட்ரோல்’ என்று அவருக்குத் தராத உளுந்து வடைகளை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார் அவருடைய மனைவி, கணக்கு ரீச்சர் பாலசுந்தரி.