குறட்டைக்காரர்

டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் கணவன் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். எதிரே இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மானமே போனது.

ரொட்டி ஆலையில் அவளுக்கு ராத்திரி வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலு நாளாக, விடிந்து வீடு திரும்பினால், இவன் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக் கிடப்பான். ராத்திரி எப்படி என்று கேட்டால், ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினோம் என்பான்.

இன்று மகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. லேசான இருமல்தான். இருந்தாலும் காட்டிவிடலாம் என்று இவன்தான் கிளப்பிக்கொண்டு வந்தான். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

முறை வந்ததும் தட்டி எழுப்பி உள்ளே இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சுத்தமாக இருந்தது. சாப்பிடும்போதோ விளையாடும்போதோ திடீரென்று புரை ஏறியதா என்றார். இல்லை என்றார்கள். ராத்திரியில் மூச்சு சத்தமாக வருகிறதா என்று கணவனைக் கேட்டார்.

"அவரைக் கேட்டு என்ன பிரயோஜனம் டாக்டர்? இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்."

டாக்டரம்மா கூச்சமே இல்லாமல், மூச்சை விடும்போது விசில் கேட்கிற மாதிரி இருமிக் காட்டினார். "இப்படியா?"

"இல்லைங்க. நாய் குரைக்கிற மாதிரி இருமல். மூச்சை உள்ள இழுக்கும்போது கர்ருனு ஒரு சத்தம். அழுதா மட்டும்தான் அது வருது. அதனால அழவிடாம தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் நிப்பேன். குளிர்காத்து பட்டா அடங்கும். கீழ போட்டா மறுபடி ஆரம்பிக்கும். விடிய விடிய அப்படித்தான்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப கோளாறு நெஞ்சுல இல்ல, குரல்வளை வீக்கம்," என்றார் டாக்டரம்மா உறுதியாக. "மருந்துக்குக் கேட்டுடும். ஆனா அழாம சும்மா இருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தா, ராத்திரியானாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

மருந்தை எழுதிக்கொண்டே, இதைப் பெற்றவளிடம்கூடவா சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார்.

அவன் தலையைச் சொறிந்தான்.

"சொன்னா அன்னிக்கே வேலைய விட்டிருப்பா டாக்டர். அவளுக்குன்னு கிடைச்ச முதல் வேலை."