கயிற்றுக்கு நேரே என் வீடு

கயிறு என் அடுப்புக் கற்களுக்கு நடுவே போனது.

கயிறு போகிற வழிதான் சாலை போகும். மரம் நின்றால் மரம் விழும், வீடு நின்றால் வீடு விழும். ராஜாவின் வெள்ளைச் சாலை யாருக்காகவும் வளையாது.

கூரையை நேற்றே பிரித்துவிட்டார்கள். தரை மட்டும் மிச்சம். செத்தவர்கள் தரைக்கு அடியில் கிடப்பார்கள், மேலே நாங்கள் படுப்போம். எங்கள் பக்கம் எல்லா வீடும் அப்படித்தான்.

குமூல் என்கிற கங்காணி, நிழலில் உட்கார்ந்து சோளக்கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

“உச்சிக்குள்ள உன் ஆளுங்களைத் தோண்டி எடுத்துக்கோ கிழவா. அப்புறம் கல்லைக் கொட்டிருவோம். ஊரே மிதிச்சுட்டுப் போவும், எங்கிட்ட வந்து அழாத.”

அவன் இரக்கத்தை நான் நம்பவில்லை. என்ன வெளியே வருகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தான்.

தோண்டினேன். அப்பா. அம்மா. என் மனைவி இஷ்மோ ஒவ்வொரு எலும்பாகத் துடைத்துத் துணியில் வைத்தாள். அம்மாவின் தாடை என் கையிலேயே உடைந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு மூட்டை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

குமூல் பல்லைக் குத்தினான். “சுண்ணாம்புச் சூளையை விட்டு ஓடினானே உன் மூத்தவன் எக், அவன் வந்தானா? வீட்டுல ஒளிச்சு வச்சேன்னு தெரிஞ்சுது, சின்னவனைக் கட்டி இழுத்துட்டுப் போயிருவேன்.”

“வரலை.”

“வந்தா இந்தச் சாலையிலயே அனுப்பு. வெள்ளைவெளேர்னு கெடக்கும், குருடன்கூட வழி தப்ப மாட்டான்.”

கல் சுமக்கும் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

முதல் கூடைக் கல் விழுந்தது. இஷ்மோ மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை.

நானும் ஒரு கூடை எடுத்தேன். அவள் பாய் விரிக்கும் மூலைக்குப் போய்க் குனிந்தேன். கொட்டவில்லை. ஒவ்வொன்றாக இறக்கினேன்.

“என்ன கிழவா, வான்கோழி முட்டையா அடுக்குற?”

அடுத்த கல்லை எடுத்து இறக்கினேன்.

எலும்பாகியிருந்தால், என் தாத்தா என்று சொல்லி அந்த மூலையிலிருந்து அவனையும் எடுத்திருப்பேன். எக் வெந்த காலோடு வீடு வந்து செத்து நான்கு மாதம்தான் ஆகிறது.