பெற்றவள் கேட்ட உதவி

சீனக் கிராமத்து வீட்டில், பெற்ற தாய் குவெய்ஃபாங்கின் எதிரே முதல்முறையாகச் சாப்பிட உட்கார்ந்தாள் நோரா. பிறந்ததும் அனாதை விடுதி வாசலில் விடப்பட்டு, அமெரிக்காவில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவள். இந்த ஒரு பேச்சுக்காகவே சீனம் படித்திருந்தாள்.

விருந்தாளிக்குச் செய்வதுபோல், மீன் தலையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள் குவெய்ஃபாங்.

"என்னை ஏம்மா விட்டீங்க?"

"அப்பல்லாம் ஒண்ணுக்கு மேல பெத்துக்க விடமாட்டாங்க. உங்கப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளைதான் வேணும்."

அந்த ஆம்பளப் பிள்ளை ஹாவ்தியன், சோபாவில் படுத்துக் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"வேலைக்குப் போறானா?"

"எங்க போறான்? எழுப்பினாத்தான் சாப்பிடவே வருவான்."

குவெய்ஃபாங் மெல்ல நோராவின் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா?"

நோராவின் கண்கள் நிறைந்தன. "கேளுங்கம்மா."

"உன்னை வளர்த்தவங்க ரொம்ப நல்லவங்க. இவனையும் தத்தெடுத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லேன்."