ஒழுங்காக ஒரு நேர்கோடு

இந்தத் தடவையும் பிசிக்ஸ் பிராக்டிகலில் கோட்டைவிட்டால், டிகிரி முடித்தால்தான் செல்லும் என்று கையில் இருக்கும் வேலை உத்தரவில் கப்பல்தான் செய்து விட வேண்டும். அந்தப் பயத்திலேயே, தடிக் கண்ணாடியால் வகுப்பில் சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவன், வயர்களை மறுபடி மறுபடி கழற்றி மாட்டினான்.

மேஜைக்கு ஒரு மூடிய பெட்டி. அதற்குக் கொடுக்கும் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய், கரண்டை அளந்து, கிராஃப் போட வேண்டும். ஓம் விதிப்படி நேர்கோடு வர வேண்டும். அவனுக்கோ போகப்போகக் கோடு சாய்ந்து படுத்துக்கொண்டது.

"ஏறித் தொலையேன் சனியனே!" என்று அம்மீட்டரைத் தட்டினான்.

"அதைத் திட்டி என்ன ஆகப்போகுது?" என்றாள் பக்கத்து மேஜை ரேங்க்காரி. முதல் அளவை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைக் கால்குலேட்டரில் பெருக்கியே முடித்திருந்தாள் அவள். "எல்லாரும் இப்படித்தான் போட்டிருக்கோம். நீ மட்டும் என்ன, ஓமுக்கே பாடம் எடுக்கப்போறியா?"

அழித்தான். தாள் கிழியாத குறையாக அழித்தான். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. அப்பாடா, நேர்கோடு!

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குட்டி பல்பு.

"சூடாக ஆக இதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். கோடு வளைஞ்சே ஆகணும். நிஜமா அளந்து பார்த்தவன் ஒருத்தன்கூடவா இல்லை?"

"நான் அளந்தேன் சார்," என்றான் சோடாபுட்டி.

"வளைஞ்சு வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம்?"

"திருத்திட்டேன் சார்."